பெட்டிக்குள் பாதி விமானம்



மளிகைக் கடைக்காரனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்த என் மகன், ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் கட்ட ஆசைப்பட்டான். அமெரிக்காவில் 1938-ல் வெளிவந்த பைப்பர் ஜே-3 கப் என்னும் மஞ்சள் விமானத்தை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கிய 'கிட்'. அசலின் இறக்கை 35 அடி 3 அங்குலம். இதற்குச் சுமார் 70 அங்குலம்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தால் பால்சா மரத்துண்டுகள், மேலே ஒட்டும் தாள், வரைபடம், அவ்வளவுதான். மோட்டார், பேட்டரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, வாலையும் இறக்கைத் தகடுகளையும் அசைக்கும் செர்வோ, கையில் பிடிக்கும் ரேடியோ எதுவும் இல்லை. கேட்டால், "கிட் என்றால் அப்படித்தான் சார்" என்றார் கடைக்காரர். இட்லி மாவு என்று சொல்லி நாம் வெறும் அரிசியைக் கட்டிக் கொடுத்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? மற்றதை வாங்கி முடித்தபோது பெட்டி விலையைப்போல் இரு மடங்கு மேலும் செலவாகியிருந்தது.

பணத்தைக்கூட விடுங்கள். அவரே பொறுக்கித் தந்த மோட்டார் போதவில்லை. கிலோவுக்கு 200 வாட் இருந்தால் இத்தகைய விமானம் தாராளமாக எழும்பும். எங்களுடையது பேட்டரியோடு இரண்டரைக் கிலோ. ஆக 500 வாட். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 14.8 வோல்ட். வகுத்தால் சுமார் 34 ஆம்பியர். கட்டுப்பாட்டுக் கருவி 50 ஆம்பியராவது தாங்க வேண்டும். வட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது ஒரு நிமிட வேலை. அவர் தந்ததோ 200 வாட் மோட்டார். மைதானத்தில் ஓடிய விமானம் மார்பளவு எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. மூன்று மாத உழைப்பு. பையன் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கினான்.

மறுமுறை கட்டியபோது ஒவ்வொரு பாகத்தையும் நம் கடைத் தராசில் நிறுத்தோம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கைச் சற்றுத் தாண்டிய இடத்தில் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் கட்டுக்கடங்காது. பேட்டரியை மூக்குப்பக்கம் தள்ளினோம், சரியாயிற்று. பறந்தது!

(மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின் என்றால் உராய்வு குறைய விளக்கெண்ணெய் கலப்பார்கள். அதையாவது என் கடையில் எடுத்திருக்கலாம்.)

பொம்மை, ஸ்டேஷனரி விற்கும் நம் உறுப்பினர்களும் இப்போது இச்சரக்கைக் கேட்டு விசாரிக்கிறார்கள். தாராளமாக விற்கட்டும். ஆனால் பெட்டியில் இல்லாதவை எவை, பறக்கவிடுவதற்குள் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைப் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுக்க வேண்டும். விற்பனை குறையும் என்பார்கள்; பாதியில் பரண் ஏறிய பெட்டிக்காரர் மறுபடி கடைக்கு வருவாரா?

பேட்டரி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். முழுக்க ஏற்றினால் செல்லுக்கு 4.2 வோல்ட், இருப்பு வைக்க 3.8 போதும். உப்பியதை விற்கவே கூடாது. இரவில் கடையைப் பூட்டிவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சார்ஜ் போட்டு வைப்பதைச் சங்கமே தடை செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன்.