கஷ்டத்தை நிறுக்கும் தராசு

கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே இரண்டாவது பரீட்சை ஒன்று காத்திருக்கிறது. "பேப்பர் எப்படி?" என்பது அதன் முதற் கேள்வி. "கஷ்டம்" என்று பிள்ளை சொன்னால், "சரியாகப் படித்திருக்க மாட்டாய்" என்று தீர்ப்பாகிறது. "சுலபம்" என்று சொன்னாலோ, "அப்படியானால் எல்லாரும்தான் நூறு வாங்குவார்கள், இதில் உனக்கென்ன பெருமை?" என்று தீர்ப்பாகிறது. போதாக்குறைக்குத் தாத்தா ஒருவர் சாய்வு நாற்காலியில் வீற்றிருந்துவிட்டால், "எங்கள் காலத்துக் கேள்வித்தாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!" என்று அப்பீலுக்கும் இடமில்லாமல் செய்துவிடுவார்.

ஒரு கேள்வித்தாள் கஷ்டமா, சுலபமா என்று நிர்ணயிப்பதற்கு ஏதாவது தராசு உண்டா? இந்த வழக்கை வெகு காலமாக விசாரித்து வருகிறவர்கள் இங்கிலாந்து தேசத்தார். பரீட்சை என்னும் பெருஞ் செல்வத்தை நமக்குத் தாராளமாக வழங்கிச் சென்றவர்கள் அவர்கள்தானே? அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு அவர்களே படும் பாட்டைப் பார்ப்பதில் நமக்குச் சிறிது திருப்தி உண்டானால், அது மனித சுபாவம், மன்னிக்கத் தக்கது.

அந்நாட்டில் பள்ளிப் படிப்பின் முடிவில், சுமார் பதினெட்டு வயதில் எழுதும் பரீட்சைக்கு 'ஏ லெவல்' என்று பெயர். 1951-ம் வருஷத்தில் ஏற்பட்டது. ஸர்வகலாசாலையின் கதவு திறப்பதும் மூடுவதும் அதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் 'உயர்தரப் பரீட்சை' என்ற பெயரில் எழுதுவது அதன் வழி வந்ததேயாகும்.

1963-ல் அவர்கள் ஒரு சுலபமான உபாயம் கண்டுபிடித்தார்கள். பரீட்சை எழுதியவர்களில் மேலே உள்ள நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 'ஏ'. அடுத்த பதினைந்து பேருக்கு 'பி'. அடுத்த பத்துப் பேருக்கு 'ஸி'. அதன் பின் பதினைந்து பேருக்கு 'டி'. இருபது பேருக்கு 'இ'. ஏறக்குறைய இவ்வாறு பங்கு போட்டுவிட்டார்கள். கேள்வித்தாள் மலை போல் இருந்தாலும் மடு போல் இருந்தாலும் கவலையில்லை. வரிசையில் உன் இடம் எது என்பதுதான் பேச்சு.

உபாயம் நல்லதுதான். ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. 'ஸி' என்பது மிகவும் குறுகலான படி. அந்த நடுப் பாகத்திலேதான் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு சில மார்க்கு குறைந்ததும் 'பி'யிலிருந்து ஒரேயடியாய் 'டி'யில் விழ நேர்ந்தது. இரண்டாவது குறை இன்னும் பெரிது. ஒரு வருஷத்துப் பிள்ளைகள் அனைவரும் அபாரமாகப் படித்திருந்தாலும், அனைவரும் சோம்பேறிகளாக இருந்தாலும், 'ஏ' வாங்குகிறவர் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். 1987-ல் இந்தப் பங்கீட்டைக் கைவிட்டு, விடைத்தாளின் தரத்தைப் பரீட்சகர்கள் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றார்கள்.

இனி 2019-ம் வருஷத்துக்கு வருவோம். அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு பாடத்திட்டத்தை மாற்றியிருந்தார்கள். முன்னெல்லாம் பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, தவறிய பகுதியை மறுபடியும் எழுத இடம் கொடுத்தார்கள். புதிய திட்டத்திலோ எல்லாவற்றையும் படிப்பின் முடிவில் ஒன்றாக எழுத வேண்டும். 'எட்எக்ஸெல்' என்னும் பரீட்சை ஸ்தாபனத்தின் கணக்குப் பரீட்சைக்கு மூன்று தாள்கள்; மொத்தம் 300 மார்க்கு. முடிவு வெளியானபோது பத்திரிகைகள் திகைத்துப் போயின. 165 மார்க்கு, அதாவது நூற்றுக்கு 55 வாங்கியவனுக்கு 'ஏ' கிடைத்துவிட்டது! நூற்றுக்குச் சுமார் 14 வாங்கியவன்கூட 'இ' பெற்றுத் தேறிவிட்டான்!

"கல்வி குட்டிச்சுவராய்ப் போயிற்று" என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஆனால் நேயர்கள் சற்று நிதானிக்க வேண்டும். முன் வருஷங்களின் கேள்வித்தாளை வைத்துப் பழகுவதற்கு மாணவர்களுக்கு அதிக வழியில்லை. உபாத்தியாயர்களுக்கும் பாதை புதிது. மார்க்கு குறைந்தது தாளின் கடுமையினாலா, பிள்ளைகளின் மந்தத்தினாலா? இதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இதே பிள்ளைகள் பதினாறாவது வயதில் எழுதிய பரீட்சையில் எவ்விதம் செய்தார்கள் என்று பார்க்கிறார்கள். முந்திய வருஷத்தாரைப் போலவே செய்திருந்தால், இப்போது மார்க்கு சரிந்ததற்குக் குற்றவாளி கேள்வித்தாள்தான் என்று கொண்டு, எல்லைக் கோட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள். அந்தக் கோடு போடப்படுவது விடைகளைத் திருத்தி முடித்த பிறகே என்பதைக் கவனிக்க வேண்டும். 55 என்ற எண், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதைவிடக் கேள்வித்தாளைப் பற்றியே அதிகமாய்ச் சொல்கிறது.

நிற்க. தாத்தாவின் கட்சி இன்னும் பாக்கியிருக்கிறது. ஒவ்வொரு வருஷத்தையும் அதற்கு முந்திய வருஷத்தோடு ஒட்டிக்கொண்டே போனால், ஐம்பது வருஷத்தில் தரம் மேலே போயிற்றா, கீழே போயிற்றா என்பது எப்படித் தெரியும்?

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் லூயி தர்ஸ்டன் என்பவர் 1927-ல் ஒரு தத்துவத்தை வெளியிட்டார். ஒரு வளையலைக் கையில் கொடுத்து, "இது எத்தனை கிராம்?" என்று கேட்டால் தடுமாறுவோம். இரண்டு வளையலைக் கொடுத்து, "எது கனம்?" என்றால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவோம். இவ்விதம் பலர் பல ஜோடிகளை ஒப்பிட்டுச் சொன்னதையெல்லாம் சேர்த்தால், எல்லா வளையல்களையும் வரிசைப்படுத்தி ஓர் அளவுகோலே செய்துவிடலாம்.

இந்தத் தராசைக் கொண்டு இங்கிலாந்தின் லப்பரோ ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 1964, 1968, 1996, 2012 ஆகிய வருஷங்களின் 'ஏ லெவல்' கணக்கு விடைத்தாள்களை நிறுத்துப் பார்த்தார்கள். எழுத்தையும் காகிதத்தையும் கொண்டு காலத்தை ஊகித்துவிடக் கூடாதே என்று விடைகளைத் திருப்பி எழுதச் செய்தார்கள். கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களிடம் இரண்டிரண்டாகக் கொடுத்து, "இவர்களில் கணக்கில் கெட்டிக்காரர் யார்?" என்று கேட்டார்கள். 2016-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அறுபதுகளில் 'இ' வாங்கியவனும் இக்காலத்தில் 'பி' வாங்குகிறவனும் ஏறக்குறைய ஒரே தரம். ஆனால் 1996-க்குப் பிறகு தரம் மேலும் இறங்கியதற்கு அத்தாட்சி இல்லை.

தாத்தா மீசையை முறுக்கிக்கொள்ளட்டும். பாதி வழக்கில் அவருக்கு ஜயம்தான். மற்றப் பாதியையும் கேட்டுவிட்டுப் போகலாம். அக்காலத்தில் பதினெட்டு வயது வரை பள்ளியில் தங்கியவர்கள் ஒரு சிலரே. 2024-ல் இந்தக் கணக்குப் பரீட்சையை எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பத்துப் பேர் ஏறிய செங்குத்துப் பாறையும், நூறு பேர் ஏறுவதற்காக வெட்டிய படிக்கட்டும் ஒன்றாகுமா? படிக்கட்டு வெட்டியதைக் குற்றமென்று நாம் சொல்ல மாட்டோம்.

படிக்கட்டு என்றோமே, அதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். பன்னிரண்டு அங்குலச் சதுரத் தகரம் ஒன்றின் நான்கு மூலைகளிலும் சம அளவான சதுரங்களை வெட்டி எறிந்து, ஓரங்களை மடித்து மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். "பெட்டியின் கொள்ளளவு எவ்வளவு அதிகமாக இருக்க முடியும்?" என்று ஒரே வரியில் கேட்பது ஒரு விதம். "(அ) வெட்டும் அளவை எக்ஸ் என்று கொண்டு கொள்ளளவுக்குச் சூத்திரம் எழுதுக, (ஆ) அதை வகையிடுக, (இ) எக்ஸின் மதிப்பைக் கண்டு கொள்ளளவைக் கூறுக" என்று கேட்பது மற்றொரு விதம். இரண்டு அங்குலம் வெட்டினால் 128 கன அங்குலம் என்ற விடை இரண்டுக்கும் பொது. ஆயினும் முதல் கேள்வியின் முன் திகைத்து நிற்கும் பிள்ளை, இரண்டாவதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கும் அந்தச் சில நிமிஷங்களிலேதான் கஷ்டமெல்லாம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதனால்தான் கேள்வி தயாரிக்கிறவரின் வார்த்தையையும் முழுதும் நம்புவதற்கில்லை. வழி தெரிந்தவருக்கு எல்லாப் பாதையும் கிட்டத்தில்தான். பிள்ளையின் வார்த்தையையும் முழுதும் நம்புவதற்கில்லை. கடைசிக் கணக்கு முடியாமல் மணி அடித்துவிட்டால், முன்னால் சரியாகச் செய்த பதினைந்து கணக்கும் அவனுக்கு மறந்துபோய், உலகமே கவிழ்ந்துவிட்டதாகத் தோன்றும். தராசு வைத்திருக்கும் நிபுணர்களுக்கோ, ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்க முடிகிறது.

அப்படியிருக்க, பரீட்சை முடிந்த அரை மணி நேரத்திற்குள், கேள்வித்தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "இது தப்பு, அது தப்பு" என்று வாசலில் நிற்கும் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? மறுநாள் அவனுக்குப் பௌதிகம் இருக்கலாம். கணக்கில் போன நாலு மார்க்கு போனதுதான். நம்முடைய விசாரணையினால் கலங்கிப் போய்ப் பௌதிகத்திலும் நாற்பது மார்க்கை அவன் இழக்க வேண்டாம். கேள்வி கேட்டே தீர வேண்டுமென்று நாக்குத் துடிக்கிற பெற்றோருக்கு ஒரு கேள்வி சொல்லித் தருகிறோம். "பசிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிள்ளை சொல்லும் பதிலை எந்த நிபுணரிடமும் கேட்காமலே நம்பலாம்.