மருந்தடிக்க முன் பூவின் நேரத்தைப் பாருங்கள்



போன வருடம் எங்கள் வளவில் பூசணிக் கொடி நன்றாகப் படர்ந்தது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகி விழுந்தன. "யாரோட கண்ணோ பட்டிருக்கு" என்றார் உம்மா. பட்டது என் கைதான். பூச்சி தெரிகிறதே என்று கிழமைக்கு இரண்டு தடவை, பாடசாலைக்குப் போக முன், காலை ஆறரை மணிக்குக் கிருமிநாசினி அடித்துக்கொண்டிருந்தேன்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே இது உடனே விளங்கவில்லை என்பதுதான் வெட்கம்.

பூசணிப் பூ விடியும் நேரத்தில் விரியும். வெயில் ஏற, நண்பகலுக்கு முன் மூடிவிடும். மூடினால் திரும்ப விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ பெண் பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு வாடி விழும். நான் மருந்தடித்தது சரியாக அந்த நேரத்தில்.

"அப்ப பின்னேரம் அடிச்சாச் சரிதானே சேர்?" என்று கேட்பீர்கள். பூசணிக்கு அது பரவாயில்லை. ஆனால் புடலையும் சுரையும் பின்னேரம்தான் விரிகின்றன. அவற்றின் வெள்ளைப் பூக்களை இருட்டில் தேடி வருவது அந்துப்பூச்சி. அவற்றுக்குப் பின்னேர மருந்துதான் கேடு.

வயலுக்கும் ஒரு நேரம் உண்டு. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் விரியும். உள்ளே இருக்கும் இரண்டு சிறிய செதில்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி உமியைத் தள்ளித் திறக்கின்றன. ஒரு மணி நேரமளவில் அது மூடிவிடும். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. ஆனால் அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேல் போனால் மணி பிடிக்காமல் பதராகும். அவ்வளவு மென்மையான நேரத்தில் மருந்தும் தெளிக்காமல் இருப்பதே நல்லது.

போத்தலில் மருந்தின் அளவைப் பார்க்கிறோம். செடியில் பூவின் நேரத்தைப் பார்ப்பதில்லை. இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. பூவின் பாகங்களைக் கீறிப் பெயரிடச் சொல்கிறோம். அது எத்தனை மணிக்கு விரியும் என்று ஒரு பரீட்சையிலும் கேட்டதில்லை. சுவீடன் நாட்டு லின்னேயஸ், பூக்கள் விரியும் நேரத்தை வைத்தே மணி சொல்லலாம் என்று 1751 இல் எழுதினார். எங்கள் பிள்ளைகளும் ஒரு கொப்பியோடு வளவில் நின்றால் அதைச் செய்யலாம்.

என் கருத்து இதுதான்: வீட்டுத் தோட்டத்தில் முதலில் கையால் பூச்சியைப் பிடுங்குங்கள். சில மருந்துகள் அடுத்த நாளும் செடியில் நிற்கும். அடித்தே ஆக வேண்டுமென்றால், அந்தச் செடியின் பூ மூடிய பிறகு அடியுங்கள்.

இந்த வருடம் நான் மருந்தை நிறுத்தினேன். சுபஹு தொழுதுவிட்டு வந்து, ஆண் பூவைப் பிடுங்கி, அடியில் குட்டிக் காய் தெரியும் பெண் பூவில் தடவிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், ஐந்து காய் நிற்கிறது.

நாளைக் காலை உங்கள் வளவையும் ஒருக்கால் போய்ப் பாருங்கள். எந்தப் பூ எப்போது விரிகிறது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுவேன்.