குழாயை எடுத்த பிறகு...

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 5½ வாரம் முன்கூட்டியே பிறந்த குழந்தை. மூச்சுத் திணறல்! பெரிய டாக்டர்கள் பாடுபட்டார்கள். பலன் இல்லை. 39 மணி நேரத்தில் குழந்தை இறந்து போயிற்று.

ஏன் திணறல்?

நுரையீரலில் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் உண்டு. அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்க, உள்ளே ஒரு பொருள் சுரக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது போதாது. மூச்சை விட்டதும் பைகள் சுருங்கிவிடும். புது பலூனை முதல் தடவை ஊதுவது எவ்வளவு கஷ்டம்! அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அப்படித்தான்.

1971-ல் டாக்டர் ஜார்ஜ் கிரிகரி ஒரு வழி கண்டார். பைகள் சுருங்காதபடி, காற்றை இடைவிடாமல் மெல்ல அழுத்திக் கொடுத்தார். 20 குழந்தைகளில் 16 பிழைத்தன! இந்த முறைக்கு "சி-பாப்" என்று பெயர்.

குழாய் நண்பனா, பகைவனா?

சில குழந்தைகளுக்குத் தொண்டை வழியே குழாய் செருகி, வென்டிலேட்டர் யந்திரம் வைக்கிறார்கள். அது உயிரைக் காக்கும். ஆனால் நாளாக ஆக நுரையீரல் கெடும், கிருமியும் தொற்றும். ஆகவே, சீக்கிரம் எடுக்க வேண்டும்.

எடுத்ததும் சும்மா விடலாமா? கூடாது. குழந்தை களைத்துவிடும். மறுபடியும் குழாய் போட நேரிடும். அதனால் மூக்கு வழியே "சி-பாப்" காற்று கொடுக்கிறார்கள். இடையிடையே சற்று வேகமாகக் காற்றைத் தள்ளும் யந்திரமும் உண்டு.

மூக்கில் மெல்லிய குழாய் வைத்து, சூடும் ஈரமும் உள்ள காற்றை வேகமாகச் செலுத்துவது இன்னொரு முறை. 2013-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் 303 குழந்தைகளிடம் இதைச் "சி-பாப்"புடன் ஒப்பிட்டார்கள். மெல்லிய குழாயால் மூக்கில் புண் குறைந்தது. அது போதாத குழந்தைகளில் சுமார் பாதிப் பேர், "சி-பாப்" கொடுத்ததும் தேறினார்கள்.

காப்பியில் இருக்கிறதே காபின், அதுவும் இங்கே மருந்து! மூச்சு விட மறக்கும் குழந்தையை அது தூண்டுகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குக் குழாயை எடுக்கும்போது காபின் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சிபாரிசு செய்தது.

தாய்மார்களே!

குழாயை எடுத்த பிறகும் மூக்கில் கருவி இருக்கிறதே என்று கலங்காதீர்கள். அது குழந்தைக்கு ஊன்றுகோல். மூக்கு சிவந்தால் நர்சிடம் சொல்லுங்கள். மறுபடியும் குழாய் போட்டாலும் மனம் தளர வேண்டாம். சில குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் நாள் தேவை. அவ்வளவுதான்!