தொடக்கப் பள்ளிக் கணினிகள்: வாங்கிய பின் பராமரிப்பது யார்?

புது தில்லி: நாட்டில் கணினி வசதி உள்ள பள்ளிகள் 2023-24-இல் 57.2 சதவீதமாக இருந்து, 2024-25-இல் 64.7 சதவீதமாக உயர்ந்துள்ளதாக மத்திய கல்வி அமைச்சகத்தின் ‘யுடைஸ் பிளஸ்’ அறிக்கை தெரிவிக்கிறது. இந்த உயர்வு நிலைக்குமா என்பது பராமரிப்பைப் பொருத்தது.

தொடக்கப் பள்ளிகளின் நிலையே கவலைக்குரியது. ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தின் கணினி ஆய்வக நிதியுதவி, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கானது. அதிலும் தொடர் செலவுக்கான மானியம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. 5-ஆம் வகுப்புடன் முடியும் பள்ளிகள் மாநில அரசையோ நன்கொடையாளர்களையோ சார்ந்துள்ளன. நன்கொடையாகக் கணினி கிடைக்கலாம். பழுது நீக்குபவர் கிடைப்பதில்லை.

பழுதாகாத கணினிகளுக்கும் சிக்கல் உண்டு. ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. ‘விண்டோஸ் 11’-க்குத் தேவையான பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் இல்லை.

கேரளம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அம்மாநில அரசின் ‘கைட்’ நிறுவனம் 2019-இல் தொடங்கிய திட்டத்தில், 1 முதல் 7-ஆம் வகுப்பு வரையிலான 9,941 பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் ஒதுக்கப்பட்டன. 5 ஆண்டு உத்தரவாதம், புகார் அளிக்க அழைப்பு மையம், கட்டணமில்லா லினக்ஸ் மென்பொருள் ஆகியவை திட்டத்திலேயே இடம்பெற்றன.

எனினும், அங்கும் முதலில் வாங்கியவற்றின் உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது. எனவே, கொள்முதலின்போதே பராமரிப்புக்கும் மாற்றுக் கணினிகளுக்கும் நிதி ஒதுக்குவது அவசியம். இல்லையெனில், வீட்டில் கணினி இல்லாத குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுவர்.