பாட்டிலில் அடைத்த காரட்

போன மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் எதிர் வீட்டு மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் ஒரு பாட்டில்.

"பெரியம்மா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். நல்லதுதானா?"

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து லேபிளைப் படித்தேன். பீட்டா கரோட்டின், லைகோபீன், லூட்டின் என்று வரிசையாகப் பெயர்கள். மேலே ஒரு பெண்ணின் பளபளக்கும் கன்னம். விலையைப் பார்த்தால், எங்கள் வீட்டு மாதக் காய்கறிச் செலவில் பாதி! பிரசவத்துக்கு அப்புறம் முகம் கருத்துவிட்டது, தோல் வறண்டுவிட்டது என்று அவளுக்குக் குறை. போனில் விளம்பரம் பார்த்து வரவழைத்திருக்கிறாள்.

"எத்தனை நாளா சாப்பிடறே?"

"ஒரு வாரம் சாப்பிட்டேன் பெரியம்மா. வயிறு ஒரு மாதிரி இருந்தது, நிறுத்திட்டேன். காசு போட்டு வாங்கினது வீணாகக் கூடாதேன்னு இப்ப எங்க மாமனாருக்குக் கொடுத்துட்டு வரேன். அவருக்கும் கால் தோல் செதில் செதிலா உரியுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மாமனார் முப்பது வருஷமாக சிகரெட் பிடிக்கிறவர். "முதல்ல அதை நிறுத்து" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "காரட் சத்துதானே பெரியம்மா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

காரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு, பப்பாளியின் மஞ்சள் எல்லாம் கரோட்டினாய்டு என்ற ஒரே குடும்பத்துச் சாயங்கள். கீரையிலும் உண்டு. பச்சை நிறம் அதை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். (மாத்திரைக்கு வேண்டிய லூட்டினை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமோ? நாம் ஆயுத பூஜைக்கு மாலை கட்டித் தொங்கவிடுகிற செண்டுமல்லிப் பூவிலிருந்துதான்!) நம் உடம்புக்கு இவற்றைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. சாப்பிட்டால்தான் உண்டு. சாப்பிட்டதில் ஒரு பகுதி தோலில் போய்ப் படிகிறது. வெயில் பட்டதும் தோலுக்குள் சில துஷ்ட மூலக்கூறுகள் கிளம்பும். அவற்றை அடக்கி வைக்கிற குணம் இந்தச் சாயங்களுக்கு உண்டு. ஆகவே, 'மாத்திரையாகச் சாப்பிட்டால் தோல் நன்றாக இருக்குமே' என்று நினைத்தது ஒன்றும் அசட்டுத்தனம் இல்லை. விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நினைத்தால் மட்டும் போதுமா? பரீட்சை செய்து பார்க்க வேண்டாமா?

'மூணு மாசம் சாப்பிட்டேன், முகம் ஜொலிக்குது' என்று யாராவது சொன்னால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். அந்த மூன்று மாதத்தில் அவள் வெயிலில் போவதைக் குறைத்திருக்கலாம், குழந்தை ராத்திரி தூங்க ஆரம்பித்திருக்கலாம், பனிக்காலம் போயிருக்கலாம். எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் ஒழுங்கான சோதனையில் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆட்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. பாதிப் பேருக்கு அதே போல இருக்கும் வெத்து மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, பரிசோதிக்கிறவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் நாம்போர் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் பேர் போனது. சுள்ளென்று அடிக்கிற வெயில், வெள்ளைத் தோல் மக்கள். தோல் புற்றுநோய் அங்கே சர்வ சாதாரணம். 1992இல் அந்த ஊரில் 1621 பேரைச் சேர்த்துக்கொண்டு நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் காலையில் முகம், கழுத்து, கைகளில் சன்ஸ்க்ரீன் களிம்பு. கூடவே 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். இன்னொரு பிரிவுக்குக் களிம்பும் வெத்து மாத்திரையும். மூன்றாவது பிரிவுக்கு பீட்டா கரோட்டின் மட்டும். நான்காவதற்கு வெத்து மாத்திரை மட்டும். கடைசி இரண்டு பிரிவுகளிலும் களிம்பு அவரவர் வழக்கப்படி. நாலரை வருஷம் இப்படியே நடந்தது.

1999இல் முடிவு வந்தது. தினமும் களிம்பு பூசினவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைவு. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு? வெத்து மாத்திரைக்காரர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை!

'புற்றுநோயை விடுங்கள், சுருக்கமாவது குறைந்ததா?' என்றுதானே கேட்கிறீர்கள்? அதையும் பார்த்திருக்கிறார்கள். அதே ஊர்க்காரர்களில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் புறங்கையை, ஆரம்பத்திலும் முடிவிலும் சிலிகானில் அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். பல் டாக்டர் பல்லை அச்சு எடுப்பாரே, அந்த மாதிரி. எந்த அச்சு யாருடையது என்று தெரியாமலே ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். களிம்பை ஒழுங்காகப் பூசினவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவிகிதம் குறைவு. மாத்திரையால் மொத்தத்தில் ஒரு பலனும் தெரியவில்லை. நம் தோலில் மெலனின் என்ற இயற்கைக் குடை இருப்பதால் அந்த 24ஐ நமக்கு அப்படியே எழுதிக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிகிறவர்கள், தலைக்கு ஒரு துண்டும் முழுக்கை ரவிக்கையும் போட்டுக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. காசு செலவில்லாத யோசனை!

இந்தச் சாயங்களுக்கு ஒரு குணமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் நகரத்தில் ஒரு சின்னச் சோதனை, சுமார் இருபது பேரை வைத்து. தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட வைத்தார்கள். நான்கு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்து வாரம் கழித்து, வெயில் போன்ற விளக்கொளியைத் தோலில் காட்டினால் சிவந்து போவது, வெறும் எண்ணெய் சாப்பிட்டவர்களைவிட 40 சதவிகிதம் குறைந்திருந்தது. 2001இல் வந்த முடிவு இது. கவனித்தீர்களா? அது மாத்திரை இல்லை, நம் தக்காளித் தொக்கு மாதிரி ஒன்று! இருபது பேர் சோதனையை வைத்துப் பெரிதாகக் கொடி பிடிக்க வேண்டாம். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் போதும்.

இனி மாமனார் விஷயம்.

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, 'காரணம் பீட்டா கரோட்டின்தானோ?' என்று 1985இல் ஃபின்லாந்தில் ஒரு பெரிய சோதனை ஆரம்பித்தார்கள். 50லிருந்து 69 வயது வரை உள்ள, புகைபிடிக்கிற ஆண்கள் 29,133 பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். காப்பாற்றும் என்று கொடுத்ததுதான். 1994இல் கணக்குப் பார்த்தால், அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகள் என்று 18,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கேயும் இதே கதை. 1996 ஜனவரியில், முடிய வேண்டிய காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். புகை படிந்த நுரையீரலில் கரோட்டின் சிதைந்து, அந்தச் சிதைந்த பொருளே கெடுதல் செய்கிறது என்று கருதுகிறார்கள். காரட் சாப்பிட்டு இப்படி ஆனதாக எந்தச் சோதனையும் சொல்லவில்லை. மாத்திரையில் இருப்பது பெரிய அளவு, அதுவும் தன்னந்தனியாக. காயில் கொஞ்சமாக, நூறு விஷயங்களோடு கலந்து இருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டது. அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை லேசாக மஞ்சள்! "இதுக்கு என்ன கொடுக்கறே?" என்றால், தினம் இரண்டு வேளை காரட், பரங்கிக்காய் மசியலாம். கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன், பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. காரட் மஞ்சள் கண்ணில் ஏறாது, உள்ளங்கை, உள்ளங்காலில்தான் தெரியும். அளவைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். ஆனால், கண் மஞ்சளாக இருந்தால் காமாலையாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் அதற்குத் தயாராகிறவர்களுக்கும். இந்த மாதிரி 'அழகு' பாட்டில்கள் சிலவற்றில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏயும் கலந்திருக்கும். பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்கு ஏற்றபடிதான் வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். ரெட்டினால் அப்படியில்லை, நேரே சேர்ந்துவிடும். அளவு மீறினால் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

சமையலில் ஒரே ஒரு விஷயம். இந்தச் சாயங்கள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். பச்சைக் காரட்டைக் கடிப்பதைவிட, வேகவைத்துத் தேங்காயோ ஒரு ஸ்பூன் எண்ணெயோ சேர்த்தால் உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக் கீரைப் பொரியல் அந்த வகையில் ஏற்கெனவே கெட்டிக்காரத்தனம்தான்!

அன்றைக்கு ராத்திரியே மாமனார் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, சிகரெட்டை விட்டுட்டா அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா? நானூறு ரூபாய்க்கு மேலே அதில் பாக்கி இருக்கே" என்றார்.

"முதல்ல சிகரெட்டை விடுங்க அண்ணா, மாத்திரைப் பேச்சே வேண்டாம்" என்றேன். காலை டாக்டரிடம் காட்டினார்கள். படை என்று சொல்லிப் பூசக் களிம்பு கொடுத்திருக்கிறார், அறுபது ரூபாய்.