பரிசு ஒரு பக்கம், பாக்கி ஒரு பக்கம்

அசாம் மாநிலத்தின் திங் என்ற ஊரைச் சேர்ந்த நெல் விவசாயியின் மகள் ஹிமா தாஸ். ஓடத் தொடங்கிய காலத்தில் நல்ல ஓட்டக் காலணி வாங்க வீட்டில் வசதி இல்லை. சாதாரண காலணியில் 'அடிடாஸ்' என்று பேனாவால் தானே எழுதிக்கொண்டு ஓடியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 2018-ல், 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே ஆண்டில் அந்த நிறுவனம் அவரை விளம்பரத் தூதராக்கியது. அவர் பெயரைப் பொறித்தே காலணி செய்து கொடுத்தது.

அவரது சாதனைக்கு எந்தப் பரிசும் தகும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காலணி இல்லாதபோது கிடைக்காத காலணி, வாங்கும் வசதி வந்த பிறகு இலவசமாக வந்தது. பிரபலங்களுக்குப் போகும் பரிசுகள் பெரும்பாலும் இப்படித்தான். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை தீபா கர்மாகருக்கு விலை உயர்ந்த வெளிநாட்டு கார் பரிசாக வந்தது. அகர்தலா சாலைகளில் அதை ஓட்டுவதும் பராமரிப்பதும் கடினம் என்று அவர் குடும்பம் அதைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. வாங்குபவரின் தேவையைவிட, கொடுப்பவருக்குக் கிடைக்கும் விளம்பரமே அங்கே கணக்கு. அது வியாபாரம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலணியைச் செய்த கைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பகுதிகளில் பதனிடும் தோலும் தைக்கும் காலணியும் உலகம் முழுவதும் போகின்றன. காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்காகக் கிராமத்து நிறுத்தங்களில் நிற்கும் பெண்களில் பலர் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். மழை பொய்த்த ஆண்டில், கிணற்று நீர் உப்பேறிய ஆண்டில், அடுப்பு எரிந்தது அவர்கள் சம்பளத்தில்தான்.

தோல் காலணி ஆட்டுப்பட்டியிலும் மாட்டுக் கொட்டகையிலும் தொடங்குகிறது. உண்ணி கடித்த தழும்பு, முள்வேலிக் கீறல், சூடு போட்ட வடு, தோல் உரிக்கும்போது கத்தி தவறிய வெட்டு எல்லாம் பதனிட்ட பிறகு தோலில் தெளிவாகத் தெரியும். அதன் தரம் இறங்கிவிடும். உண்ணி மருந்து போட்டு, சூடு வைக்காமல், கவனமாக ஆடு வளர்ப்பவரால் தோலின் மதிப்பு கூடுகிறது. ஆனால் வியாபாரி பெரும்பாலும் ஆட்டின் எடையைக் கண்மதிப்பாகப் பார்த்து விலை பேசுகிறார். தோலுக்கென்று தனி விலை இல்லை. கவனமாக வளர்த்தவருக்கும் கவனமின்றி வளர்த்தவருக்கும் ஒரே பணம். நல்ல தோலுக்குக் கூடுதலாகச் சில ரூபாய் கொடுக்கும் வழக்கம் வந்தால், அதுவே ஆடு வளர்ப்பவருக்குச் செய்யும் பாராட்டு.

இந்தத் தொழிலின் சுமையைத் தாங்கிய இன்னொருவர் பாலாற்றுக் கரை விவசாயி. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசு செய்தவரே இழப்பைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற இந்த மண்ணின் வழக்கும் காரணம். பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம், 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2001-ல் முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அதிலும் விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. பதக்கம் வென்ற மாலையே கார் அறிவிக்க முடிகிற நாட்டில், கிணறு கெட்டவருக்கு உரிய பணம் கால் நூற்றாண்டாகியும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

தொழிலாளியின் நிலையும் இதுதான். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, சேறு புகுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் மரியாதை, படுத்துறங்கப் பாதுகாப்பான ஓர் இடம்.

வாய்ப்பாராட்டுக்கும் நம் பகுதியிலேயே உதாரணம் உண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வறண்டு கிடந்த நாகநதிக்கு, நூறு நாள் வேலைப் பெண்கள் தடுப்பணையும் நீர் செறிவூட்டும் கிணறும் அமைத்து உயிர் கொடுத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் அவர்களைப் பாராட்டினார். மகிழ்ச்சிதான். ஆனால் நூறு நாள் வேலைச் சட்டப்படி 15 நாளுக்குள் கூலி வந்தாக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வர வேண்டிய கூலி நிலுவை 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கோரி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. உழைத்தவர் எதிர்பார்ப்பது பொன்னாடை அல்ல. உரிய நாளில் கூலி.

இதில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பாலாற்றுக் கரையில் இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருந்து பணம் வராத குடும்பங்களை வேளாண், தோட்டக்கலை களப்பணியாளர்கள் அறிவார்கள். பட்டியலில் இருந்தவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று, பட்டா, அடங்கல் ஆகியவற்றைத் தயார் செய்ய வாரிசுகளுக்கு வழிகாட்டுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, உப்பு அளவைத் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை கேட்க வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. கால்நடை உதவி மருத்துவர்கள் உண்ணி ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது தோலின் தரத்தையும் சேர்த்துச் சொல்லலாம். தோல் உரிப்பவர்களுக்குப் பயிற்சியும் நல்ல கத்தியும் கிடைக்க ஊராட்சிகள் கேட்கலாம்.

மே 1 அன்று கிராம சபை கூடும்போது, விருந்தினருக்குச் சால்வை போர்த்துவதற்கு முன், ஊரில் யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, யாருக்கு இழப்பீடு வரவில்லை என்ற பட்டியலைப் படித்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். நம் வயலில் களை எடுத்தவருக்கும் நாற்று நட்டவருக்கும் அன்றைய கூலியை அன்றே கொடுத்துவிட்டோமா என்று நாமும் பார்த்துக்கொள்வோம். பிறரிடம் பாக்கி கேட்கப் போகும் நாம், நம் பாக்கியை முதலில் தீர்ப்பதுதான் முறை.