மரத்தின் மேல் முதலாளி; கீழே விழுந்தால் அனாதையா?

ஓமந்தூர், கிளியனூர், மயிலம், மரக்காணம் வட்டாரத்தில் மரம் ஏறியும் மரம் வெட்டியும் பிழைக்கும் தொழிலாளர்கள் ஏராளம். பனை ஏறுகிறவர், தேங்காய் பறிக்கிறவர், சவுக்குத் தோப்பு வெட்டுகிறவர், வீட்டுக் கூரைமேல் சாய்ந்த வேம்பைக் கிளை கிளையாகக் கழிக்கிறவர் என்று பல வகையினர். இவர்களைப் பார்த்து ஊரார் சொல்வது ஒன்று உண்டு: "உனக்கென்னப்பா! அரிவாளும் கயிறும் உன்னுடையது. இஷ்டப்பட்டால் போகலாம், இல்லாவிட்டால் படுத்துக் கிடக்கலாம். நீயே தொழிலாளி, நீயே முதலாளி!"

இந்தப் பேச்சை அதிகாரிகளும் பேசுகிறார்கள், காண்டிராக்டர்களும் பேசுகிறார்கள். தொழிலாளர்களில் சிலரும் பெருமையாகவே பேசுகிறார்கள். ஆகவே சுயதொழில் மேலா, நிரந்தர வேலை மேலா என்ற கேள்வியை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது. ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது.

முதலில், தொழிலாளி ஏன் சுயதொழிலை விரும்புகிறான் என்பதை மரியாதையோடு கேட்போம். மரம் ஏறுகிறவனுக்கு வேலை கிடைக்கும் நாளில் களை பறிக்கும் கூலியைவிட அதிகம் கிடைக்கிறது. அவனை அதட்ட மேஸ்திரி இல்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. "ஒரே எஜமானிடம் வேலை" என்றால் நம் பக்கத்து ஏழைக்கு ஞாபகம் வருவது ஆபீஸ் உத்தியோகம் அல்ல, அடிமைத்தனம். முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப்போட்டு மரம் வெட்டச் சொல்லும் கொடுமை பழங்கதையாகிவிடவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. ஆனால் 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கும்பிட்ட படத்தை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட பிடியைக் கண்டவன், "எவனுக்கும் அடிமையில்லை, அது போதும்" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எஜமான் இல்லாதது மட்டும் சுதந்திரமாகிவிடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மரம் வெட்டும் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. மாதத்தில் எத்தனை நாள்? பன்னிரண்டு நாள் என்றால் பன்னிரண்டாயிரம். அதில் மிஷின் ரம்பத்துக்குப் பெட்ரோல், ஆயில், சங்கிலி, ரிப்பேர் எல்லாம் அவன் கையிலிருந்து. கயிறு தேய்ந்தால் அவன் செலவு. மழைக்காலத்தில் மரம் வழுக்கும். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. காய்ச்சலில் படுத்தால் கூலியும் இல்லை, மருந்துச் செலவும் அவனுடையது.

பக்கத்தில் ஓர் ஆலைத் தொழிலாளியை நிறுத்துவோம். அவன் சம்பளத்துக்கு மேல் பி.எப். கணக்கில் முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம். வேலை விட்டுப் போகும்போது வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டி. அது ஏறக்குறைய 5 சதவீதம். மூன்றும் சேர்ந்தால் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு. "நீயே முதலாளி" என்ற இரண்டு வார்த்தைகளால் இந்த ஐந்தில் ஒரு பங்கு மரத் தொழிலாளியின் மடியிலிருந்து உருவப்படுகிறது. முதலாளி என்ற பட்டத்துக்கு அவன் கொடுக்கும் விலை இது!

இதைவிடக் கொடுமை, விபத்து விஷயம். 1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வேலையாள் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன் இரண்டாவது அட்டவணையில் பனைமரம் சீவுவதும் மரம் வெட்டிச் சாய்ப்பதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. மரத்திலிருந்து மனிதன் விழுவான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் "தற்காலிக வேலையாள், முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் அமர்த்தப்பட்டவன்" என்று சொல்லித் தள்ளிவிட அதிலேயே ஒரு சந்து வைத்திருந்தார்கள். அந்தச் சந்தை 2000-ம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. இப்போது அந்தச் சட்டமே 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு அமலாகியிருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: விழுந்தவன் யாருடைய வேலையாள்? "அவன் சுயதொழில் செய்கிறவன், நான் மரத்தை மொத்தமாகப் பேசி விட்டுவிட்டேன்" என்று மேலே இருப்பவர் கைகழுவினால் நஷ்டஈடு எங்கிருந்து வரும்? ஆக, சுயதொழில் என்ற பெயர் தொழிலாளிக்குக் கிரீடம் அல்ல. பொறுப்பிலிருந்து தப்பிக்கிறவர்களுக்கு அது குடை!

பனை ஏறிகளின் சரித்திரம் இதற்குச் சாட்சி. ஓமந்தூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். அவர் காலத்தில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. மதுவிலக்கு சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. கள் இறக்கியவனின் கதி என்ன என்பதே பேச்சு. பதநீர், பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. பின்னால் சட்டம் தளர்ந்தது, மீண்டும் இறுகியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தமிழ்நாட்டில் மறுபடியும் தடை. ஓர் ஆலையை மூடினால் நோட்டீஸ், நஷ்டஈடு என்று கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு சர்க்கார் உத்தரவால் தொழிலே போனபோது பனை ஏறி எந்த முதலாளியிடம் போய்க் கேட்பான்? தன்னிடமேயா?

அதே ஓமந்தூரார் காலத்தில், 1948-ல், ஜமீன் ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றவனை விலக்குவது அதன் நோக்கம். அந்த நியாயம் மரத்துக்கும் பொருந்தாதா? சர்க்கார் மரத்தை ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் சப்-காண்டிராக்டரிடம் விடுகிறார். அவர் மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரிதான் தொழிலாளியை லாரியில் ஏற்றுகிறார். வெட்டுகிறவனுக்கும் மரத்துக்கும் நடுவில் மூன்று பேர்! நிலத்தில் ஜமீன் போயிற்று. கிளையில் ஜமீன் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும. வீட்டுக்குப் பின்னால் பத்துத் தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயி நமக்கு எதிரி அல்ல. அவரால் ஒருவரை வருஷம் முழுவதும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அவர் வேலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு காலைப்பொழுது. அவரிடம் போய் "நிரந்தரமாக்கு" என்றால் அவரும் ஏமாற்றம் அடைவார், தொழிலாளியும் ஏமாறுவான்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வருஷம் முழுவதும் இருக்கும் வேலை. மின்கம்பிக்குக் கீழே கிளை கழிப்பது வாரியத்துக்கு ஓயாத வேலை. சாலையோர மரங்களைக் கவனிப்பது நெடுஞ்சாலைத் துறைக்கு ஓயாத வேலை. நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் அப்படியே. அதோடு புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர், புதுச்சேரிக் கரையைத் தாக்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயலுக்கு மறுநாள் காலை எல்லோரும் தேடுவது ரம்பமும் கயிறும் வைத்திருப்பவனைத்தான். ஆபத்து நேரத்தில் அத்தியாவசியத் தொழிலாளி, அடுத்த வாரம் யாரோ எவரோ! இது என்ன நியாயம்? ஓயாத வேலைக்கு ஒப்பந்த முறையைத் தடை செய்யலாம் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே ஒப்புக்கொண்டது. மின்வாரியம் 2021-ல் ஆயிரக்கணக்கான கேங்மேன்களை நியமித்தது. கம்பம் நடுகிறவனுக்குப் பதவி உண்டு என்றால், கம்பியை உரசும் கிளையை வெட்டுகிறவனுக்கு ஏன் இருக்கக் கூடாது?

இரண்டாவது, நூறு தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் வேலை. இதற்கும் வழி இல்லாமல் இல்லை. துறைமுகத் தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்று கிடந்தார்கள். எந்த ஒரு கப்பல் கம்பெனியும் அவர்களை நிரந்தரமாக்கத் தயாராக இல்லை. 1948-ல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த போர்டுகளில் தொழிலாளியின் பெயர் பதிவானது. கம்பெனிகள் தீர்வை கட்டின. வேலை இல்லாத நாளில் ஆஜரானவனுக்கும் படி கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் மூட்டை தூக்கும் மதாடித் தொழிலாளருக்கு 1969-ல் இதே மாதிரி சட்டம். கேரளத்தில் கள் இறக்கும் தொழிலாளருக்கு அதே 1969-ல் நலநிதிச் சட்டம். ஒரே முதலாளி இல்லாதவனுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

தமிழ்நாட்டிலும் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. பனைமரத் தொழிலாளருக்குத் தனி நலவாரியமும் இருக்கிறது. ஆனால் உதவித்தொகை கொடுப்பது வேறு, வேலையையும் கூலியையும் ஒழுங்கு செய்வது வேறு. கட்டிட வேலைக்கு 1996 சட்டப்படி மதிப்பில் ஒரு சதவீதம் தீர்வை வசூலாகி வந்தது. மர ஏலத்திலும் தோப்பு வியாபாரத்திலும் அப்படி ஒரு தீர்வை வசூலித்தால் வாரியத்தின் கை பலப்படும்.

ஆலைத் தொழிலாளிகளே, இது உங்கள் விஷயம் அல்ல என்று நினைக்க வேண்டாம். ஓமந்தூருக்கு அருகிலேயே இருக்கும் புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை நாள் அந்த ரத்தத்தில் கிடைத்தது. அந்தப் பெரிய ஆலைகள் 2020-ல் பூட்டப்பட்டன. வேலை போனவனுக்கு நாளை என்ன சொல்வார்கள்? "சுயதொழில் செய்" என்பார்கள். இன்று மரத்தொழிலாளிக்குப் பிடிக்கும் குடையை நாளை உங்களுக்கும் பிடிப்பார்கள்.

எனவே நாம் கேட்பது இவை:

சர்க்கார் துறைகளிலும் ஊராட்சிகளிலும் ஓயாமல் நடக்கும் மர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளரை நியமிக்க வேண்டும். புயல் வேலை செய்தவர்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

ஏலத்தில் மரம் எடுப்பவரே வெட்டுகிறவனின் உயிருக்குப் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பெயர்ப் பட்டியலும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஒரு கிளைகூட விழக் கூடாது.

சிதறிய வேலைக்கு வட்டாரந்தோறும் பதிவு, உயரத்துக்கும் ஆபத்துக்கும் ஏற்ற கூலி விகிதம், வேலை இல்லா நாளுக்குப் படி வேண்டும். கயிறும் தலைக்கவசமும் வாரியச் செலவில் தர வேண்டும்.

முன்பணத்தின் பேரால் எந்தக் குடும்பமும் தோப்பில் அடைபடக் கூடாது.

இவை சும்மா வராது. தனியாக மரமேறுகிறவன் தனியாகவே விழுகிறான். கீழே கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் பெரிய கிளையை யாரும் அறுப்பதில்லை. தொழில் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும். சங்கம் என்பதும் அந்தக் கயிறுதான். ஆலைத் தொழிலாளியும் வயல் கூலியும் அதன் ஒரு முனையைப் பிடிக்கட்டும். தன் விருப்பத்துக்கு வேலை செய்யும் சுதந்திரமும், விழுந்தால் தாங்கும் பாதுகாப்பும் ஒருங்கே வேண்டும் என்று மரத்தொழிலாளி அப்போது தலைநிமிர்ந்து கேட்பான்.